பருந்து தூக்கியது மூன்று, மற்ற கோழிகள் எங்கே?

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கத்தில் ஓர் எஸ்டேட் டவுனில் இருந்து 52 வயது அக்கா ஒருவர், கால்நடை மருத்துவரான எனக்கு நீளமாக எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் ஊரையும் சொல்லாமல் விடுகிறேன். கணவனும் மனைவியும் தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்தவர்கள். இப்போது இருப்பது தாமான் குடியிருப்பு வீட்டில். பின்வேலியைத் தாண்டினால் செம்பனைத் தோட்டம். போன வருடம் அங்கே பழைய மரங்களை எல்லாம் சாய்த்துவிட்டு மறுநடவு செய்திருக்கிறார்கள்.

கைச்செலவுக்கு ஆகும் என்று பிப்ரவரியில் 40 கம்போங் கோழிக் குஞ்சுகளை, பொரித்து ஒரு நாளே ஆனவையாக, வாங்கியிருக்கிறார். ஆடி மாதம் முனீஸ்வரன் கோயில் பூசைக்குச் சேவல், தீபாவளிக்குக் கறிக்கோழி என்று இப்போதே சொல்லி வைத்தவர்கள் இருக்கிறார்களாம். இரண்டு வாரம் பெட்டியில் பல்பு போட்டு வளர்த்துவிட்டுப் பின்கட்டில் அவிழ்த்து விட்டிருக்கிறார். இரண்டரை மாதத்தில் மிச்சம் 19. காணாமல் போன 21இல் மூன்றைப் பருந்து தூக்கிப் போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறார், மூன்றும் காலை பத்து பதினொரு மணி வாக்கில். ஒரு ராத்திரி கூண்டுக்குள்ளேயே ஐந்து செத்துக் கிடந்தன, அதில் இரண்டுக்குத் தலை இல்லை. மீதி 13 போன தடமே தெரியவில்லை.

கணவர் கொதித்துப் போயிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரரிடம் ஏர் ரைபிள் இரவல் கேட்டு வைத்திருக்கிறார். அது கிடைக்காவிட்டால் கோழிக்குடலில் விஷ மருந்தைக் கலந்து வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் பட்ட மரத்தின் மேல் வைக்கப் போகிறாராம். மாமியார் "கருடனைக் கொன்றால் குடும்பத்துக்கு ஆகாது" என்கிறார். மகன் பழைய சிடியைக் கட்டித் தொங்கவிடச் சொல்கிறான். எஸ்டேட்காரன் பெட்டி வைத்து ஆந்தை வளர்க்கிறான், அதுதான் ராத்திரியில் வந்து தின்கிறது என்பது பக்கத்து வீட்டுக்காரர் கட்சி. "டாக்டர், யார் சொல்வதைக் கேட்பது? மிச்சம் இருக்கும் கோழியை எப்படிக் காப்பாற்றுவது?" என்று முடித்திருக்கிறார்.

முதலில் அந்தக் குடல்

அக்கா, மற்றதை எல்லாம் அப்புறம் பேசலாம். மருந்து கலந்த குடல் ஏற்கெனவே தயாராக இருந்தால் இன்றைக்கே கையுறை போட்டு எடுத்து, நாயும் கோழியும் கிளற முடியாத ஆழத்தில் புதைக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்கார அண்ணன் அதைப் பருந்துக்கு என்று வைப்பார், ஆனால் பருந்துதான் வந்து தின்னும் என்று எந்த உறுதியும் இல்லை. உங்கள் கோழியைத் தூக்கும் வகைப் பறவை பெரும்பாலும் உயிரோடு ஓடுவதைத்தான் பிடிக்கும், மரத்தின் மேல் காய்ந்து கிடக்கும் குடலைச் சீண்டாது. முதலில் வருவது காக்கை. அது ஒரு துண்டைக் கொத்திக்கொண்டு பறக்கும், பாதி வழியில் போட்டுவிடும், அது உங்கள் பின்கட்டிலேயே விழுந்தால் உங்கள் கோழிகளே ஓடிவந்து தின்னும். கோழி குடலைக் கண்டால் விடாது, இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செத்த கோழியை விடுங்கள், சாகாமல் தப்பிய கோழியின் முட்டையையும் கறியையும் யார் சாப்பிடுவது? கோயில் பூசைக்கு வாங்கிப் போனவர் வீட்டுப் பிள்ளைகள்.

எலி மருந்து என்றால் மெதுவாகத்தானே கொல்லும், பெரிய ஆபத்து இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். சில வருடங்களுக்கு முன் ஓர் எஸ்டேட் தொழிலாளி மெகி மீ அட்டைப்பெட்டியில் கூகை என்னும் ஆந்தை ஒன்றை வைத்து என்னிடம் கொண்டு வந்தார். இதய வடிவ வெள்ளை முகம், கண் பாதி மூடியிருந்தது. வாயைத் திறந்து பார்த்தால் உள்தோல் காகிதம் போல வெளுத்திருந்தது. ஒரே ஓர் ஊசிதான் போட்டேன், அந்தச் சின்னத் துளையில் இருந்து ரத்தம் நிற்காமல் கசிந்துகொண்டே இருந்தது, பஞ்சை மாற்ற மாற்ற நனைந்தது. மருந்து தின்ற எலிகளை அது தின்றிருக்கிறது. அந்த மருந்து ரத்தத்தை உறைய விடாது. வைட்டமின் கே கொடுத்தும் விடிவதற்குள் போய்விட்டது. இதை நான் மறக்கவில்லை, அதனால்தான் உங்கள் கடிதத்தில் மற்ற எதையும் விட அந்த ஒரு வரி என்னைப் பதற வைத்தது.

துப்பாக்கியும் சட்டமும்

"என் வீடு, என் கோழி, என் வேலிக்குள் வந்தால் சுடுவேன்" என்று அண்ணன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் வயிற்றெரிச்சல் நியாயமானது. ஆனால் சட்டம் அவர் நினைப்பது போல இல்லை. தீபகற்ப மலேசியாவுக்கு 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 716ஆவது சட்டம், இருக்கிறது. பருந்து, கழுகு, ஆந்தை எல்லாம் அந்தப் பாதுகாப்புக்குள் வருபவை. லைசென்ஸோ சிறப்பு அனுமதியோ இல்லாமல் சுட்டால் அபராதம், சிறை இரண்டுக்கும் இடம் உண்டு. விஷம் வைத்து, மின்சாரம் பாய்ச்சி, கண்ணி வைத்துப் பிடிப்பதும் அதே சட்டத்தில் குற்றம்தான். 2022இல் அதைத் திருத்தித் தண்டனையை இன்னும் கடுமையாக்கினார்கள்.

அதற்கும் முன்னால் இன்னொன்று இருக்கிறது. நம் நாட்டில் ஏர் ரைபிளும் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ஆயுதம்தான், விளையாட்டுச் சாமான் இல்லை. லைசென்ஸ் இல்லாமல் கையில் வைத்திருந்தாலே வழக்கு, பறவை மேல் குண்டு படவே வேண்டாம். இரவல் கொடுத்தவரும் மாட்டிக்கொள்வார். தாமானில் பின்வீட்டுப் பிள்ளைகள் ஓடி விளையாடும் இடத்தில் சுடுவதைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தொந்தரவு அளவுக்கு மீறினால் பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) மாவட்ட அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம், அது உங்கள் உரிமை. தேதி, நேரம், கைப்பேசியில் எடுத்த படம் எல்லாம் கொண்டு போங்கள். அவர்கள் வந்து பருந்தைச் சுட்டுத் தருவார்கள் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். என்ன பறவை என்று அடையாளம் சொல்வார்கள், வழி சொல்வார்கள்.

திருடன் ஒருவன் இல்லை

இப்போது உங்கள் கணக்குக்கு வருகிறேன். 21 போயிருக்கிறது. பருந்து தூக்கியதைப் பார்த்தது மூன்று. மிச்சம் பதினெட்டையும் அதன் தலையிலேயே கட்டிவிட்டீர்கள். பருந்து வெட்டவெளியில், பட்டப்பகலில், எல்லோரும் பார்க்கத் திருடுகிறது, அதனால் கண்ணில் படுகிறது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

கூண்டுக்குள் செத்துக் கிடந்த அந்த ஐந்தும் பருந்து வேலை இல்லவே இல்லை. பருந்து ராத்திரியில் வேட்டையாடாது, மூடிய கூண்டுக்குள் நுழைந்து தலையைக் கடித்துப் போட்டுவிட்டு உடம்பை விட்டுப் போகாது. கழுத்தில் கடி, ஒரே ராத்திரியில் பல கோழிகள், தின்றது கொஞ்சம், கொன்றது நிறைய என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது மூசாங்கைத்தான், நம் பாட்டிமார் மரநாய் என்பார்கள். கூண்டுக் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் உங்கள் கை நுழையும் இடைவெளி இருந்தால் அதற்குத் தாராளம். ஒன்றே ஒன்று மட்டும் காணோம், ஓர் இறகு கூட இல்லை, கூண்டும் உடையவில்லை என்றால் மலைப்பாம்பு. சில சமயம் விழுங்கிவிட்டு வயிறு உப்பி வெளியே போக முடியாமல் கூண்டுக்குள்ளேயே சுருண்டு கிடக்கும். பாராங் கத்தியைத் தூக்காமல் பொம்பா என்னும் தீயணைப்புப் படையையோ பொதுத் தற்காப்புப் படையையோ கூப்பிடுங்கள்.

பகலில் தடமில்லாமல் போனவற்றுக்கும் வேறு ஆட்கள் உண்டு. தோட்டத்து வாய்க்காலில் பியாவாக், அதாவது உடும்பு, இருக்கிறதா? முட்டையும் குஞ்சும் அதற்கு மிகவும் பிடிக்கும், வெயில் ஏறியதும் வந்து சத்தமில்லாமல் விழுங்கிவிட்டுப் போகும். அதுவும் சட்டப் பாதுகாப்பு உள்ளதுதான், அடிக்கப் போகாதீர்கள். ஒரு வாரக் குஞ்சு, இரண்டு வாரக் குஞ்சு என்றால் காக்கையே தூக்கும். (இந்த ஊர்க் காக்கை நம்மைப் போலக் கடல் தாண்டி வந்ததுதான். நூறு வருடத்துக்கும் முன்னால், காப்பித் தோட்டத்துப் புழுவைத் தின்னட்டும் என்று சிலோனில் இருந்து கிள்ளானுக்குக் கொண்டு வந்து விட்டார்கள்.) பெரிய எலியும் குஞ்சை வளைக்குள் இழுத்துவிடும். மறுநடவு முடிந்த நிலத்தில் மூடுபயிர் மண்டி எலி பெருகுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

பருந்து அடித்ததா என்று தெரிந்துகொள்ள ஓர் அடையாளம் சொல்கிறேன். தூக்க முடியாத கனமான கோழியை அடித்தால் அங்கேயே வைத்துத் தின்னும். தின்னும் முன் இறகைப் பிடுங்கிப் போடும். ஒரே இடத்தில் இறகுகள் வட்டமாகச் சிதறிக் கிடக்கும். இறகின் தண்டு முழுசாக இருக்கும், சிலதில் அலகு கவ்விய மடிப்பு தெரியும். தண்டு பாதியில் கடிபட்டு, எச்சில் பட்டு இறகுகள் ஒட்டிக் கிடந்தால் அது நான்கு கால் உள்ளது. ஒரு பழைய நோட்டை எடுத்து இன்றில் இருந்து எழுதுங்கள்: எந்த நாள், எத்தனை மணிக்குக் கடைசியாகப் பார்த்தது, என்ன மிச்சம் கிடந்தது. இரண்டு வாரத்தில் உங்களுக்கே ஆள் யார் என்று பிடிபட்டுவிடும்.

எந்தப் பருந்து?

மாமியாரிடம் சொல்லுங்கள், கருடன் என்று நாம் கும்பிடுவது செம்பருந்தை. வெள்ளைத் தலை, செங்கல் நிற உடம்பு. ஆற்றோரம், கடலோரம் மீனும் செத்ததும் பொறுக்கித் தின்பது அதிகம். சின்னக் குஞ்சு கிடைத்தால் விடாது என்றாலும் உங்கள் ஆள் அது இல்லை. பழுப்பு நிறம், வாலில் பட்டை பட்டையாகக் கோடு, பட்ட மரத்தில் நிமிர்ந்து வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்து திடீரென்று பாயும் என்று நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் மலாய்க்காரர்கள் ஹெலாங் ஹிண்டெக் என்று சொல்லும் கழுகாக இருக்கலாம். காட்டுக்கோழியைப் பிடித்துப் பழகிய பறவை அது. நம் கோழி அதற்குச் சுலபம். அதன் எடையே ஒன்றரைக் கிலோ வாக்கில்தான், அதனால் நன்றாக வளர்ந்த கோழியைத் தூக்கிக்கொண்டு பறக்க முடியாது. குஞ்சும் அரைக் கிலோவுக்குள் இருக்கும் விடலையும்தான் அதற்குத் தோது.

மறுநடவு நிலத்தின் மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும் வெள்ளைப் பருந்து, தோளில் கறுப்பும் கண் சிவப்புமாக இருக்குமே, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். அதன் பெயரே ஹெலாங் திக்குஸ், எலிப் பருந்து. மார்ச் மாதம் கூட்டம் கூட்டமாக வட்டமடித்தவையும் உங்கள் குஞ்சுக்காக வந்தவை அல்ல. சுமத்ராவில் இருந்து கடல் தாண்டி வடக்கே போகிற பறவைகள், பெரும்பாலும் தேன் பருந்துகள், குளவிக் கூட்டையும் தேனடையையும் பிய்த்துப் புழு தின்பவை. போர்ட் டிக்சன் பக்கம் தஞ்சோங் துவானில் வருடா வருடம் மார்ச்சில் மலேசிய இயற்கைக் கழகம் அவற்றை எண்ணுகிறது. ஒரு தடவை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

ஆந்தைப் பெட்டி விஷயத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது தவறு. அந்தப் பெட்டியில் குடியிருப்பது கூகை. செம்பனைத் தோட்டத்தில் அது தின்பது கிட்டத்தட்ட முழுக்க எலிதான், அதற்காகத்தான் எஸ்டேட்காரர்கள் கம்பம் நட்டுப் பெட்டி வைக்கிறார்கள். உங்கள் குஞ்சை இழுத்துப் போகிற எலியை உங்களுக்குச் சம்பளம் இல்லாமல் பிடித்துத் தருகிறது. மருந்து தின்ற எலியைத் தின்றால் அதுவும் சேர்ந்து சாகும்.

கோழியைக் காப்பாற்றுவது

உங்கள் தொல்லைக்கு இரண்டு காரணம் எனக்குத் தெரிகிறது. ஒன்று, மரம் போய்விட்டது. முன்பு பின்வேலியில் இருந்து செம்பனை மட்டை குடை மாதிரி மூடியிருக்கும், மேலே இருந்து பார்க்கிற பறவைக்குக் கீழே குஞ்சு ஓடுவது தெரியாது. இப்போது வெட்டவெளி. பட்டுப் போய் நிற்கும் மரம் வேறு அதற்கு நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறது. மருந்தை வைக்க நினைத்த அந்த மரத்தையே சாய்த்துத் தரச் சொல்லி எஸ்டேட் ஆபீசில் பெரிய கிராணியிடம் (தலைமை எழுத்தரிடம்) கேளுங்கள், அது அவர்கள் நிலம், நீங்களே வெட்டக் கூடாது.

இரண்டாவது, தாய் இல்லை. பெட்டிக் குஞ்சு தனியாக வளர்ந்தது. பருந்தைக் கண்டதும் சேவலும் தாய்க்கோழியும் எழுப்புகிற சத்தம் வேறு, நாய் பூனையைக் கண்டால் எழுப்புகிற சத்தம் வேறு. மேலே ஆபத்து என்றால் ஒரு நீண்ட சத்தம், கேட்டவுடன் குஞ்சுகள் பொந்துக்குள் ஓடும், இல்லை அப்படியே தரையோடு படுத்துவிடும். உங்கள் நாற்பதுக்கும் அதைச் சொல்ல ஆள் இல்லை. இரண்டு வாரத்தில் இறகே முழுசாக முளைத்திருக்காது, அந்த வயதில் அவிழ்த்து விட்டதுதான் பெரிய இழப்பு. அதில் உங்களைக் குறை சொல்ல மாட்டேன், விற்றவர் சொல்லியிருக்க வேண்டும்.

இருக்கிற 19க்கு இப்போதே செய்ய வேண்டியது, ஓடி ஒளிய இடம். வெட்டிப் போட்ட செம்பனை மட்டையில் நல்லதாகப் பார்த்து இரண்டிரண்டாகச் சாய்த்துக் கூடாரம் மாதிரி நிறுத்துங்கள், கோழி எங்கே மேய்ந்தாலும் நாலைந்து எட்டில் ஒரு கூடாரம் இருக்க வேண்டும். முள்ளை மட்டும் வெட்டி எடுத்துவிடுங்கள். வேலியோரம் மரவள்ளி, செரை (எலுமிச்சைப் புல்), வாழை வையுங்கள். மரவள்ளி சீக்கிரம் வளர்ந்து நிழல் கொடுத்துவிடும். ஒரு நல்ல பெரிய சேவலை வாங்கி விடுங்கள், இது நான் மனதாரச் சொல்வது. தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்த்துக்கொண்டே மேய்கிற சேவல் இருந்தால் பாதிக் கவலை போகும்.

அப்புறம் வலை. பின்கட்டு முழுக்க வேண்டாம், 12 அடிக்கு 20 அடி ஓர் இடத்துக்கு மட்டும் மேலே வலை போட்டால் காலையில் அங்கேயே மேயும். மீனவர்களிடம் பழைய வலை மலிவாகக் கிடைக்கும். தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள், தொய்ந்த வலையில் குருவி சிக்கிச் சாகும். கண்ணுக்குத் தெரியாத தூண்டில் நரம்பைக் கட்டச் சொல்வார்கள், எனக்கு அதில் சம்மதம் இல்லை, பறவை சிறகை அறுத்துக்கொள்ளும். மஞ்சள், சிவப்பு ராஃபியா கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக ஒரு முழ இடைவெளியில் கட்டினால் பாய்ந்து இறங்குவதற்குத் தயங்கும். மகன் சொன்ன சிடி சில நாள் வேலை செய்யும், ஒரே இடத்தில் தொங்கினால் பருந்து பழகிவிடும். இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் சேர்த்து வைக்கலாம், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

கூண்டைப் பொறுத்தவரை அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலை. சாதாரணக் கோழி வலையின் ஓட்டையில் எலியும் சின்னப் பாம்பும் வந்துவிடும், மூசாங் பிய்த்துவிடும். கூரை இடைவெளியை அடையுங்கள், கம்பி வலையை மண்ணுக்குள் ஒரு சாண் புதையுங்கள், கதவுக்குக் கொக்கி மட்டும் போதாது, தாழ்ப்பாள் போடுங்கள். ஏழு மணிக்குள் எண்ணி அடைத்துவிடுங்கள்.

இன்னொன்று, மருத்துவர் என்பதால் கேட்கிறேன், இவற்றுக்கு ராணிக்கெட் நோய்க்குத் தடுப்பு மருந்து போட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி இல்லை. சோர்ந்து நிற்கிற கோழிதான் முதலில் பருந்துக்கும் பியாவாக்குக்கும் இரையாகும். மாவட்டக் கால்நடைச் சேவைத் துறையில் கேளுங்கள், மிச்சம் இருக்கும் 19க்கும் வேண்டும்.

சிவப்புக் கோழி

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில், பழைய சிவப்புக் கோழி ஒன்று மூன்று நாளாக அடையில் உட்கார்ந்திருக்கிறது, கலைத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கலைக்காதீர்கள் அக்கா. சேவல் உள்ள வீட்டில் வாங்கிய முட்டை பத்துப் பதினொன்று வைத்து அடைக்கு விடுங்கள். பொரிக்க 21 நாள். தீபாவளிக்குக் கறிக்கோழி கேட்டவர்களுக்கு அந்தக் குஞ்சுகள் சரியாக வந்து சேரும்.

என் பாட்டி லயத்தில் இருந்தபோது குஞ்சு பொரித்ததும் தாயையும் குஞ்சுகளையும் சேர்த்து மூங்கில் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பார், வாசலில் நிழல் நகர நகரப் பஞ்சாரத்தையும் நகர்த்திக்கொண்டே போவார். குஞ்சுகள் இடுக்கு வழியாக வெளியே வந்து கொத்தும், தாய் உள்ளே இருந்து ஒரு சத்தம் கொடுத்தால் எல்லாம் உள்ளே போய்விடும். முதல் ஒரு மாதம் அப்படித்தான். நீங்களும் அதையே செய்யுங்கள், மூங்கில் கிடைக்காவிட்டால் பழைய ஃபேன் கூட்டையும் கம்பி வலையையும் வைத்துக் கட்டிக்கொள்ளலாம். ஐந்தாறு வாரம் ஆகி இறகு முழுசாக வந்த பிறகு மாலையில் இரண்டு மணி நேரம், நீங்கள் வாசலில் உட்கார்ந்திருக்கும்போது, தாயோடு வெளியே விடுங்கள். எட்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க விடலாம்.

ஆக உங்களுக்கு மூன்று வாரம் இருக்கிறது. அண்ணனுக்குக் கை சும்மா இருக்காது போலத் தெரிகிறது, ரைபிள் இரவல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு முதலில் கூண்டின் கூரை இடைவெளியை அடைக்கச் சொல்லுங்கள், அது ஒரு நாள் வேலை. அடுத்து மட்டைக் கூடாரம், அப்புறம் வலை. நோட்டில் எழுதுவதை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை இறகுக் குவியல் ஏதாவது கண்ணில் பட்டால் கையில் எடுக்கும் முன் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து எடுத்தால் அளவு தெரியும்.